காதா, வண்டியா

பலாமரத்து வளைவில் பஸ்ஸைத் திருப்பி இறங்கியதும் அது ஆரம்பித்துவிட்டது. ஙீ... பொன்னுரங்கம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தான். இருக்கிறது. நேற்று எங்கே விட்டதோ அங்கேயிருந்து தொடர்கிற மாதிரி இருக்கிறது. கொசுவலைக்குள் மாட்டிக்கொண்ட ஒற்றைக் கொசு காதோரம் வந்து வந்து போகுமே, அந்த மெலிசு. கொசு என்றால் ஒரு அறை விட்டு முடித்துவிடலாம், இதை எங்கே என்று அறைவது? என்ஜின் உறுமலுக்கு அடியில், கண்ணாடிகளின் கடகடப்புக்கு அடியில், பின்சீட்டில் மிளகு விலை பேசிக்கொண்டு வருகிறவர்களின் குரலுக்கும் அடியில், தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. இவனும் சும்மா இருக்கவில்லை. ஃபேன் பெல்ட்டாக இருக்கும் என்று புது பெல்ட் மாட்டியாயிற்று. ஜன்னல் கண்ணாடிகளுக்கு ரப்பர் செருகியாயிற்று. மேலே கேரியரில் தொங்கிய கம்பியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தாயிற்று. முன்னால் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழக் கயிறுதான் காற்றில் ரீங்கரிக்கிறதோ என்று ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் அதையும் அவிழ்த்துப் பார்த்தான். மறுநாள் கண்டக்டர் ஜெகதீசன், "எவன்டா கழட்டுனது, கண்ணு பட்டுச்சுன்னா என்னாகும்" என்று ஊரைக் கூட்டிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினான். அப்போதும் ஙீ. கீழே சமவெளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் சத்தம் இருக்காது. பட்டறையில் வண்டியை நிறுத்தி மெக்கானிக் காது கொடுத்தால் இருக்கவே இருக்காது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வலி ஓடி ஒளிந்துகொள்ளுமே, அந்தக் கதைதான். "ஏதாச்சும் சத்தம் கேக்குதாப்பா?" என்று போன வாரம் மெக்கானிக்கிடம் பொதுவாகத்தான் கேட்டான். "இல்லீங்ணா, வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்றான் அவன். இறக்கத்தில் வரும்போது மட்டும் கேட்கிறது, ஒரு நடை கூட வந்து பார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவனும் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டால்? அதோடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போய்விடும். சந்தேகம் இருக்கிறவரைக்கும்தான் பொன்னுரங்கத்துக்குப் பிழைப்பு.

வண்டியில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. லாரி ஓட்டிய மனிதர். என்ஜின் பெட்டி இடதுகைப் பக்கம் முழங்கிக்கொண்டே இருக்கும், அதனால் இடது காதுதான் முதலில் போகும் என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, தெரிந்தும் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி. "காதுக்குள்ள சில்வண்டு பூந்துக்கிச்சுடா" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தங்களெல்லாம் நின்றன. வீட்டில் ஆள் இருக்கும்போதே ஆள் இல்லாத மாதிரி ஆகிவிட்டார். அம்மா ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்வாள், மூன்றாம் முறை கத்துவாள், கத்திய கோபத்தில் சொல்ல வந்ததையே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். கடைசியில் அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சோறு வைக்கும்போது தட்டைச் சற்று ஓங்கி வைப்பாள், அதுதான் பேச்சு. ஙீ... அடுத்த மாதம் இவனுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். கண்ணைப் பார்ப்பார்கள், அது பரவாயில்லை, கழுகுக் கண். பின்னால் நின்றுகொண்டு மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்களாமே? திரும்பவில்லை என்றால் போச்சு. மலைப்பாதையில் ஓட்டுகிறவனுக்குக் காது இல்லையென்றால் எந்த முதலாளி வண்டியைக் கொடுப்பான்? பின்னாலிருந்து கண்டக்டர் கொடுக்கிற விசிலை நம்பி நாற்பது உயிரை உருட்டுகிற வேலை இது. தவிர, வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்? தோட்ட வேலைக்குப் போனால் மண்வெட்டி சிரிக்கும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவனுக்குக் கனம் மடியில் இல்லை, காதுக்குள் இருக்கிறது. காதுக்குள்ளா? அதுதான் கேள்வி. காதா, வண்டியா. வண்டியாக இருக்கட்டும், கருமலையானே, வண்டியாக மட்டும் இருக்கட்டும், கிடாய் வெட்டுகிறேன்.

"பாட்டுப் போடுங்ணா, எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "செட்டு ரிப்பேர்" என்றான் பொன்னுரங்கம், திரும்பாமல். பொய். உச்சியிலேயே நிறுத்திவிட்டான், இன்றைக்கு எப்படியாவது கேட்டுப் பிடித்துவிடுவது என்று. ஒரு விஷயம் மனதைத் தேற்றியது, இந்தக் குரலுக்கு உடனே பதில் சொன்னோமே, கேட்டதால்தானே சொன்னோம். மறுநிமிஷமே, அது வலது காதில் விழுந்திருக்கும் என்று தோன்றியது. ஜெகதீசன் படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக முன்னால் வந்து நின்றான். இருபத்தைந்து வயசுப் பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த மிதப்பு. "என்னண்ணா, இன்னிக்குக் கழுத்து ஒரு பக்கமாவே இருக்குது? சுளுக்கா?" பொன்னுரங்கம் கழுத்தை நிமிர்த்தினான். "ஜெகா, இப்ப உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" "என்னத்தண்ணா?" "ஏதாச்சும்." ஜெகதீசன் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தான். அந்த நொடி பார்த்து, எமகாதகச் சத்தம், நின்றுபோயிருந்தது. "ஒண்ணும் கேக்கலியேண்ணா" என்று சொல்லிவிட்டு, அவனுடைய முகத்தைப் பார்த்து, பார்த்ததை மறைத்துக்கொண்டு, "சில்லறை இல்லாம ஏர்றவங்ககிட்ட நான் மல்லுக்கட்டிட்டு வாரேன்" என்று பின்னால் போய்விட்டான். ஏன் அப்படிப் பார்த்தான்? தெரிந்துவிட்டதா? போன வாரமும் இதையே கேட்டோம், அதற்கு முந்தைய வாரமும். ஒருத்தனிடம் ஒரே கேள்வியை இத்தனை தரம் கேட்டால் அவன் என்ன நினைப்பான்? பைத்தியம் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை, செவிடு என்று நினைக்காமல் இருக்க வேண்டும். குரங்கு வளைவு வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி, பிரேக்கை மிதித்து, முழு ஸ்டியரிங்கையும் ஒடித்தான். கால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போன மாதிரி இருந்தது. ஙீ... வந்துவிட்டாயா? வா. முன்னால் மீட்டரைப் பார்த்தான். பிரேக்குக்குக் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர், முள் எட்டில் நின்றது. எட்டு என்றால் தாராளம். இந்த வண்டி பிரேக் விஷயத்தில் தங்கம்; மீட்டர் எப்போது பார்த்தாலும் எட்டு. வண்டியில் எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆக மிச்சம் இருப்பது யார்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரி, தன் காது தனக்குத் தெரியாமலா போகும்?

ஒரு சோதனை இருக்கிறது. ராத்திரி படுக்கையில் கண்டுபிடித்தது. காதைப் பொத்தினால் வெளிச்சத்தம் குறைய வேண்டும், உள்சத்தம் குறையாது. எவ்வளவு சுலபம்! குரங்கு வளைவுக்குக் கீழே கொஞ்சம் நேரான ரோடு வரும், அங்கே கியரிலிருந்து இடது கையை எடுத்து, மீசையைத் தடவுகிற மாதிரி, கன்னத்தைச் சொறிகிற மாதிரி, ஆள்காட்டி விரலைக் காதுக்குள் வைத்து அழுத்தினான். என்ஜின் முழுவதும் மண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எலும்பெல்லாம் உறுமியது. அதற்குள் ஙீ இருக்கிறதா இல்லையா? இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. விரலை எடுத்தான், வைத்தான், எடுத்தான். எடுத்தால் கேட்கிறது. வைத்தால் கேட்டதன் ஞாபகம் கேட்கிறது. ராத்திரி வீட்டில் கோகிலாவின் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் இந்த ஞாபகம்தானே கேட்டது? இல்லை, அசல் சத்தமேவா? வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்குப் போவது, மற்ற நாளெல்லாம் மலையுச்சியில் வண்டிக்குள்ளேயே தூக்கம், அந்த ஒருநாளும் இப்படிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் அவள் என்ன நினைப்பாள்? "உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்று அவளிடமும் கேட்டான். "நீங்க விடற குறட்டை கேக்கும், இன்னிக்கு அதையும் காணோம்" என்றாள். அவள் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. அவளும் ஒருநாள் சொன்னதைத் திரும்பச் சொல்லி, பிறகு கத்தி, பிறகு அடுக்களைக்குப் போய்விடுவாள். தட்டு வைக்கிற சத்தத்தை வைத்து அவளுடைய மனதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நினைக்கும்போதே அழுகை வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அழ முடியுமா?

"காது வலிக்குதாங்ணா?" பக்கத்திலிருந்து கேட்டதும் விரலை வெடுக்கென்று எடுத்தான். என்ஜின் பெட்டியை ஒட்டின ஒற்றை சீட்டில் சிந்தாமணி உட்கார்ந்திருந்தாள். மலையுச்சியில் ராத்திரி பஸ் நிற்கிற இடத்துக்கு அடுத்த வீட்டுப் பெண். ஐந்து மாசக் குழந்தை மடியில், தடுப்பூசி போடக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள். "இல்லம்மா, அரிப்பு" என்றான். "நல்லெண்ண காச்சி வுடுங்ணா." "ம்." போச்சு, ஊர்ப் பெண்ணுக்கும் தெரிந்தாயிற்று, சாயங்காலத்துக்குள் மலை பூராவும் பரவிவிடும், பஸ்காரருக்குக் காதில் என்னமோ என்று. அவளைப் பார்க்காமல் இருக்க ரோட்டைப் பார்த்தான். ரோடு இப்போதுதான் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு திருப்பம் போனால் லாரி விழுந்த வளைவு. அதற்கு வேறொரு பேர் இருந்தது, லாரி விழுந்த பிறகு அந்தப் பேர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஒரு மிதி. ஙீ. காலை எடுத்தான். நின்றது. மறுபடி ஒரு மிதி. ஙீ. கண்ணாடியில் சாலையைப் பார்க்கிறபோது கண்ணோரத்தில் குழந்தை தெரிந்தது. அம்மாவின் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த குழந்தை, கையை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயோ பார்த்தது. சத்தம் நின்றதும் மறுபடி கம்மலுக்குப் போனது. தற்செயல். குழந்தை என்றால் எதையாவது பார்க்கும். அடுத்த மிதி. ஙீ. குழந்தையின் தலை திரும்பியது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வெகு தீவிரமாக, அதே இடத்தைப் பார்த்தது.

கேட்கிறது! பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொருத்தருக்கும் கேட்கிறது, பொய் சொல்லத் தெரியாத, முகத்தைப் பார்த்து மழுப்பத் தெரியாத ஒரு ஜீவனுக்குக் கேட்கிறது. காது இல்லை. என் காது இல்லை! எத்தனை நாள் தூக்கம், எத்தனை வேண்டுதல், கிடாய் வேறு நேர்ந்தாயிற்று, வெட்டலாம், ஒன்றுக்கு இரண்டாக வெட்டலாம். டாக்டர் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் கூப்பிடட்டும். கோகிலா சமையற்கட்டிலிருந்து முணுமுணுக்கட்டும், அத்தனையும் கேட்டுப் பதில் சொல்வேன். அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. "அம்மிணி, உனக்குக் கேக்குதா, ஒரு சத்தம், மெலிசா?" என்று சந்தோஷத்தில் கொஞ்சம் உரக்கவே கேட்டான். அவள் குனிந்து காது கொடுத்தாள். "ஆமாங்ணா, உள்ளுக்குள்ள என்னமோ கத்துதே, துணிக்குள்ள போட்டு மூடுன மாதிரி." வண்டிதான். சிரிப்பு வந்தது, வாய் காது வரைக்கும் போனது. வண்டிதான், வண்டியேதான் என்று மனசு ஒரு முறை சொல்லிற்று, இரண்டாம் முறை சொல்லும்போது அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது. வண்டி என்றால் வண்டியில் எது? மிதித்தால் கத்துகிறது. மிதித்தால். சமவெளியில் கத்தாது, அங்கே மிதிப்பது குறைவு. மலையிறங்கும்போது கத்தும், இங்கே மிதித்துக்கொண்டே வருகிறோம். மிதிக்க மிதிக்கக் குறைவது எது? காற்று. காற்று குறைந்தால் கத்துவது எது? மீட்டரைப் பார்த்தான். எட்டு. விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினான். முள் அசையவில்லை. இவ்வளவு மிதித்த பிறகும் எட்டு எப்படி எட்டாகவே இருக்கும்? உச்சியிலும் எட்டு, பட்டறையிலும் எட்டு, நிறுத்தி வைத்திருந்தாலும் எட்டு. இத்தனை நாளும் செத்த முள்ளைப் பார்த்துத்தானா தைரியமாக இருந்தோம்?

இனி பிரேக்கைத் தொடக்கூடாது. மிச்சமிருக்கிற காற்று ஒரு மிதிக்கு வருமா, இரண்டு மிதிக்கு வருமா, யாருக்குத் தெரியும். முதல் கியருக்குத் தள்ளினான், வண்டி முனகிக்கொண்டு மூக்கைக் குத்தியது. கத்திச் சொல்லலாமா? சொன்னால் நாற்பது பேரும் ஒரு பக்கமாக எழுந்து ஓடுவார்கள். சொல்லாமலா? ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தான். வேகம் குறைந்தது, போதவில்லை. மலைச்சுவர் இடப்பக்கம் இருக்கிறது, அது போதும், அதைவிட வேறு தெய்வம் வேண்டாம். இடது சக்கரத்தைச் சுவரோரத்து ஓடைக்கால்வாயில் இறக்கினான். வண்டி சாய்ந்தது, பெண்கள் கூவினார்கள், தகரம் மண்ணில் தேய்ந்து ஊரையே பிளக்கிற மாதிரி கிறீச்சிட்டது, ஒரு பாறை முன்பம்பரைப் பிடித்துக்கொண்டது. என்ஜின் ஒரு குலுக்கலோடு அடங்கிப்போனது. அப்புறம் அமைதி. சில்வண்டுகூடக் கத்தவில்லை. அந்த அமைதியில், ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து, ஙீ என்று ஒன்று மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. முன்சீட்டில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அது என்னங்க சத்தம்?" என்றார் மூன்றாவது வரிசையில் ஒருவர். மூன்றாவது வரிசைக்கும் கேட்கிறது.

எல்லோரையும் இறக்கிவிட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ஜெகதீசன் ஓடிவந்தபோது பொன்னுரங்கம் வண்டிக்குள் தரையில் மல்லாந்து படுத்து டாஷ்போர்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். கையில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். காக்கிச் சட்டையின் கிழிந்த கைப்பகுதி ஒன்று, உருண்டையாகச் சுற்றி, மேலே கறுப்பு டேப் வரிந்து வரிந்து ஒட்டியிருந்தது. அந்த உருண்டைதான் கத்தியது. பிரேக்குக்குக் காற்று பத்தாவிட்டால் கத்துகிற பஸ்ஸர். வாயைக் கட்டாமல் இருந்தால் பக்கத்து ஊருக்குக் கேட்கும்.

"நான்தாண்ணா சுத்துனேன்" என்றான் ஜெகதீசன்.

"எப்ப?"

"சிந்தாமணியக்கா புள்ளைக்குச் சளி புடிச்சுத் தூங்காம கெடந்துச்சே, அப்ப. வெடியால வண்டிய எடுத்தா, காத்து ஏர்ற வரைக்கும் இது கத்துது, புள்ள வீறிட்டு முழிச்சுக்குதுன்னு அந்தக்கா சொல்லுச்சு. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. காத்து ஏறுனா தன்னால நின்னுரும், இது எதுக்குச் சும்மான்னு..."

விடியற்காலையில் அவன் ஓடைக் குழாயில் குளிக்கிறபோது கண்டக்டர் வண்டியை எடுத்துக் காற்று ஏற்றி வைப்பது வழக்கம். ஓடை வரைக்கும் அந்த அலறல் வரும், அதைக் கேட்டுக்கொண்டேதான் சோப்புப் போடுவான். இத்தனை நாளாக அது வரவில்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை. கேட்கிற சத்தத்தின் பின்னால் அலைந்தானே தவிர, கேட்காமல் போன சத்தத்தை ஒருநாளாவது தேடினானா?

"உங்கிட்ட எத்தன தடவடா கேட்டேன், சத்தம் கேக்குதான்னு?"

"சத்தியமா பின்னால கேக்கலைங்ணா. நீங்க கேக்கறப்பெல்லாம் காதப் புடிச்சுக்கிட்டே கேப்பீங்க. உங்களுக்குத்தான் காதுல என்னமோன்னு நெனச்சேன்." ஜெகதீசனுக்குக் குரல் உடைந்தது. "லைசென்சு நேரம். நாம வாயத் தொறந்து கேட்டு, உங்க மனசு நோகக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடிப்பது? இவன் குழந்தைக்காக ஒன்றை மூடினான். நான் எனக்காக வாயை மூடிக்கொண்டேன். மெக்கானிக்கிடம் ஒரே ஒரு வார்த்தை, இறக்கத்தில் சத்தம் வருகிறது என்று ஒரு வார்த்தை. காது போய்விடும் என்று பயந்துகொண்டு இந்த நாற்பது பேரையும் தினம் இரண்டு நடை இந்தப் பள்ளத்தோரம் கூட்டிவந்திருக்கிறேன். வெட்கம் நெஞ்சைக் கரித்தது. வெளியே ஜன்னலில் அத்தனை தலைகளும் தெரிந்தன. மிளகு வியாபாரிகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பாட்டுக் கேட்டவன்.

பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, கடைசித் துணி விலகியதும் பஸ்ஸர் வாய்விட்டு அலறியது. மலைச்சுவரில் மோதித் திரும்பி வந்து அலறியது. வெளியே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தை வீறிட்டது. பொன்னுரங்கம் பதறிப்போய்ச் சாவியை அணைக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும் உடுங்ணா!" சிந்தாமணி படிக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இரண்டு அலறலுக்கும் மேலே கத்தினாள். "இனிமேப்பட்டு தெனமும் கத்தட்டும். புள்ள முழிச்சா முழிச்சுட்டுப் போகுது."